வெயிலுக்கு எழுதாத வரி

பலாபத்வலையில், கண்டி–யாழ்ப்பாண வீதியோரமாக ஒரு வாசனைச் சரக்குக் கடை இருந்தது. அதன் மேல்மாடியில்தான் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்று சொன்னால் இரண்டு மேசை, இரண்டு கணினி, கழுத்து திரும்பாத ஒரு மின்விசிறி, அப்புறம் நாங்கள் இரண்டு பேர். கீழே மிளகும் கராம்பும் சாக்கு சாக்காக அடுக்கியிருக்கும். மாலையில் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் என்னைக் கடைப் பையன் என்று நினைத்துக் கறுவா என்ன விலை என்று கேட்பார். நான் கணினி வேலை என்று சொல்லுவேன். அவர் என் சட்டையை இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

இரண்டு பேரில் ஒருவர் முதலாளி. கடைக்காரரின் மூத்த மகன். பல வருடம் வெளிநாட்டில் கணினி வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, வாப்பாவின் கடைக்கு மேலேயே தொழில் தொடங்கியவர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். இன்னொருவன் நான். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டுகிறார். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதை இங்கே சொல்லுவது பெருமைக்காக இல்லை. பின்னால் வரும் தவறைச் செய்தவன் யார் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா, அதற்காக.

எங்களுக்கு வந்த முதல் பெரிய வேலை எங்கள் தோட்டத்திலிருந்தே வந்தது. கொழுந்து நிறுக்கிற வேலைக்கு ஒரு புரோகிராம் வேண்டும் என்று தோட்டத்தை நடத்துகிற துரை நானாவிடம் கேட்டிருந்தார்.

தோட்டத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுவை நடக்கும். பெண்கள் மலையிலிருந்து சாக்கில் கொழுந்தைச் சுமந்து கொண்டு மடுவத்துக்கு வருவார்கள். மடுவம் என்பது நிறுக்கிற கொட்டகை. அங்கே தொங்குகிற தராசைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை கிலோவைச் சொல்லுவார், புத்தகத்தில் எழுதுவார். எழுதுவதற்கு முன்னால் கழிப்பார். மழையில் நனைந்த கொழுந்தில் தண்ணீர் இருக்கும், ஆகவே மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு. அது நியாயம்தான். ஆனால் எப்போது நனைந்த கொழுந்து, எப்போது காய்ந்த கொழுந்து என்பதைக் கணக்கப்பிள்ளை மனதுக்குள் தீர்மானித்து மனதுக்குள்ளேயே கழித்துக் கொள்ளுவார். புத்தகத்தில் விழுகிற எண்ணை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஒரு நாளுக்கு இத்தனை கிலோ என்று ஒரு அளவு உண்டு. அதற்கு ஒரு கிலோ குறைந்தாலும் அன்றைக்கு அரை நாள் சம்பளம்தான். எங்கள் வீட்டில் நான் முதலில் கேட்டுப் பழகிய கணக்கு கூட்டல் இல்லை, கழித்தல்.

ஆகவே நான் அந்தப் புரோகிராமை மற்ற எதையும்விட ஆசையாக எழுதினேன்.

அதை எப்படிக் கட்டினோம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நிறுவைப் பகுதி தனக்கு வேண்டியதைத் தானே தேடிக் கொண்டு போகாது. எனக்கு ஒரு தராசு வேண்டும், பெயர்ப் பட்டியல் வேண்டும், கழிவு விதி வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொண்டு வாசலில் நிற்கும். வெளியே இருக்கும் இன்னொரு பகுதி ஒரு பட்டியலைப் பார்த்து, இந்தா தராசு, இந்தா விதி என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்கும். டிப்பெண்டன்சி இன்ஜெக்ஷன் என்று இதற்குப் பெயர். அவ்வளவு நீளமாகச் சொல்ல எங்களுக்குப் பொறுமை இல்லை. 'குடுக்கிறது' என்றே பேசிக் கொள்ளுவோம்.

இதில் ஒரு வசதி உண்டு. கொடுப்பது எதுவாக இருந்தாலும் நிறுவைப் பகுதிக்கு அக்கறை இல்லை. பலாபத்வலையில் எங்களிடம் தராசு இல்லாத நாட்களில் நான் ஒரு பொய்த் தராசை எழுதி அதன் கையில் கொடுத்தேன். எதை வைத்தாலும் பன்னிரண்டு கிலோ என்று சொல்லும் தராசு. நானா அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இத வெளிய யாருக்கும் காட்ட வேணாம். எங்கட கடைல பழிய போட்டுருவாங்க" என்றார்.

கழிவு விதியையும் அப்படித்தான் கொடுத்தோம். காலையில் கணக்கப்பிள்ளை திரையில் மழை, வெயில் என்ற இரண்டில் ஒன்றை அழுத்த வேண்டும். அவர் மழை என்றால் பட்டியலில் மழைக்கு நேரே இருக்கும் விதி போகும், மூட்டைக்கு இரண்டு கிலோ. வெயில் என்றால் கழிக்க ஒன்றுமில்லை. கழிக்க ஒன்றுமில்லாதபோது எதைக் கொடுப்பது? ஆகவே வெயிலுக்கு நேரே நான் ஒன்றும் எழுதவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். எவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கிறேன் என்று ஒரு சின்ன சந்தோசம்கூட இருந்தது.

வெறுமையாக விட்டால் கணினி அந்த இடத்தில் ஆங்கிலத்தில் 'நல்' என்கிற ஒன்றைக் கொடுக்கும். நல் என்பது பூச்சியம் அல்ல. பூச்சியம் ஒரு பதில். எவ்வளவு கழிக்க என்று கேட்டால், ஒன்றும் கழிக்காதே என்று சொல்லுகிற பதில். நல் என்றால் கேட்டதற்குப் பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை. இந்த வித்தியாசத்தைப் படித்துப் பரீட்சை எழுதிச் சித்தியும் அடைந்திருந்தேன். ஆனாலும் வெறுமையாக விட்டேன்.

தவறு ஏன் வெளியே வரவில்லை என்றால், எல்கடுவையில் அப்போது மழைக்காலம். பத்து வாரம் வாரத்துக்கு இரண்டு நாள் நான் மடுவத்துக்குப் போய்ப் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். பத்து வாரமும் மழை. அம்மா என் காற்சட்டையை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப் போடுவார், அதுவும் காயாது, புகை மணம் மட்டும் ஏறும். நூறு தடவைக்கு மேல் மழையை அழுத்தியிருப்போம். வெயிலை யாரும் அழுத்தவில்லை. அழுத்தினால் அது பொய் சொன்ன மாதிரி இருக்கும் என்று தோன்றியதோ என்னவோ. நானாவுக்கு எல்கடுவ என்றாலே மழைதான். எனக்கு, அங்கே பிறந்தவனுக்கு, புத்தி எங்கே போனது என்று இன்னும் தெரியவில்லை.

துரை வந்து பார்க்கிற நாள் குறித்தாகிவிட்டது. அவருக்குப் பிடித்தால் தோட்டத்தின் மூன்று பிரிவுகளுக்கும் எடுப்பார். பிடிக்காவிட்டால் நானா மாடியைப் பூட்டிக் கீழே மிளகு நிறுக்கப் போக வேண்டியதுதான், அதை அவரே சிரித்துக் கொண்டு சொன்னார். எனக்கு வேறு ஒன்று மனதில் இருந்தது. அம்மாவின் கிலோ ஒரு தடவையாவது எல்லோரும் பார்க்க, திரையில் சரியாக விழ வேண்டும்.

அன்று காலை நானாவின் வேனில் புறப்பட்டோம். நானா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். பின்னால் புதிய மின் தராசு, அதன் வயர்கள், மடிக்கணினி. வடக்கில் சண்டை நடந்து கொண்டிருந்த காலம். மாத்தளைக்குள் நுழையுமுன் இருந்த தடையில் வேனை நிறுத்தினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் என் அடையாள அட்டையைப் பார்த்தான், பிறகு வயர்களைப் பார்த்தான், பிறகு மறுபடியும் அட்டையைப் பார்த்தான். நானா இறங்கிப் போய்ச் சிங்களத்தில், இது தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசு தம்பி, வேணுமென்றால் பாருங்கள் என்றார். போட்டுக் காட்டு என்றான். வீதியோரத்தில் தராசை வைத்து பற்றரியைப் பூட்டினேன். எண்கள் சிவப்பாக எரிந்தன. நிறுக்க ஒன்றுமில்லை. சிப்பாய் ஒரு பக்கம் பார்த்தான், மறுபக்கம் பார்த்தான், துப்பாக்கியைத் தோழனிடம் கொடுத்துவிட்டுத் தானே ஏறி நின்றான். ஐம்பத்தாறு. வீட்டிலிருந்து வரும்போது அறுபத்தொன்று என்று சிங்களத்தில் முறையிட்டான். தோழனும் ஏறிப் பார்த்தான். பிறகு போங்கள் என்று கை காட்டினார்கள். வேன் கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மலை ஏற ஏற வானம் வெளுத்துக் கொண்டு வந்தது. மடுவத்தில் இறங்கியபோது நல்ல வெயில். பத்து வாரத்துக்குப் பிறகு முதல் வெயில். கல்லெல்லாம் ஆவி விட்டுக் கொண்டிருந்தன. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

காலை நிறுவைக்கு நாற்பத்து மூன்று பெண்கள் மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். துரை வந்தார். சிங்களவர், தோட்டத்திலேயே வேலை பழகியதால் எங்கள் தமிழையே பேசுவார். கணக்கப்பிள்ளை புதுச் சட்டை போட்டுக் கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். வானத்தைப் பார்த்தார், வெயிலை அழுத்தினார். வரிசையில் முதல் ஆள் பக்கத்து வீட்டு அத்தை. வாய்க்குப் பேர் போனவர். மூட்டையைத் தராசில் வைத்தார்.

புரோகிராம் விழுந்தது.

திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் ஆங்கிலம். இல்லாத பொருளிடம் வேலை கேட்டுவிட்டாய் என்பதுதான் அதன் சாரம். நான் மூடித் திறந்தேன். மறுபடி வெயில், மறுபடி மூட்டை, மறுபடி சிவப்பு.

"ஏன் மருமகனே, எம் மூட்டை அவ்வளவு பாரமா?" என்றார் அத்தை. வரிசை முழுக்கச் சிரிப்பு.

கணக்கப்பிள்ளை மழையை அழுத்திப் பார்த்தார். ஓடியது. வெயிலை அழுத்தினார். விழுந்தது. துரை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ஒங்க மெசினு மழையில வேலை செய்யும், வெயில்ல செய்யாதா?"

"நான் ஒரு வரி எழுதாம விட்டுட்டேன் சேர்."

"சரி. நாலு மணி நிறுவைக்கு வாறேன். அப்பவும் விழுந்தா பெட்டியக் கட்டிக்கிட்டு போங்க." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

காலைக் கொழுந்தைப் பழைய தொங்கு தராசிலேயே நிறுத்தார்கள். நானா என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்டும் வராட்டி மழயக் குடுக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு வரி. விழாம ஈக்கும்."

பதற்றத்தில் இருந்தேன். அந்த ஒரு வரியை எழுதினேன். விதி ஒன்றும் கிடைக்காவிட்டால் மழை விதியை எடுத்துக் கொள். எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மத்தியான நிறுவையில் அது ஓடியது. அழகாக ஓடியது. ஒவ்வொரு பெண்ணும் வந்து மூட்டையை வைக்க, அவரவர் பெயர் தமிழில் திரையில் எழுந்தது. சிலர் தங்கள் பெயரைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தர் தன் பெயர் இவ்வளவு சின்னதா என்று கேட்டார். கணக்கப்பிள்ளை வாய் நிறையச் சிரித்தபடி இருந்தார். அவருக்கும் எங்கள் வேலை பிடித்துவிட்டது என்று நினைத்தேன். நானா தூரத்திலிருந்து எனக்குக் கட்டை விரலைக் காட்டினார்.

பிறகு அம்மா வந்தார். மூட்டையை இறக்கினார். என்னைத் தெரியாதவர் போல நின்றார், எல்லோர் முன்னாலும் மகனோடு பேசக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்து வந்திருந்தார் போல. தராசில் சிவப்பாகப் பத்தொன்பது எரிந்தது. திரையில் பதினேழு விழுந்தது. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, எண் தெரியும். தராசைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். முடிவை மறந்துவிட்டார்.

"என்னாடா இது, தராசு ஒன்னு சொல்லுது, ஓம் பெட்டி ஒன்னு சொல்லுது?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் எழுதிய அந்த ஒரு வரி வெயிலிலும் மழைக்குக் கழித்துக் கொண்டிருந்தது.

பதில் அத்தையிடமிருந்து வந்தது. "படிச்ச கணக்கு அப்படித்தான் அண்ணி. ஐயா இத்தன நாளா கையால கழிச்சாரு. ஓம் மகன் கரண்டுல கழிக்கிறாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "வெயில்ல ஏது மருமகனே தண்ணி? எங்க வேர்வையவா நிறுத்தீங்க?"

"சரி சரி, மெசினு சொன்னா சொன்னதுதான். தள்ளுங்க" என்றார் கணக்கப்பிள்ளை. அந்தச் சிரிப்பு எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நேற்று வரைக்கும் அவர் கழித்தால் சண்டைக்கு ஒரு ஆள் இருந்தார். இனி அவர் மேல் பழி இல்லை. நான் எழுதிய ஒரு வரி அவருக்கு நல்ல குடையாக இருந்தது.

அம்மா தள்ளிப் போனார். இன்னும் இருபது பேருக்கு மேல் வரிசையில் இருந்தார்கள். நிறுவையை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு கிலோ போவதைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

முடிந்ததும் நானாவும் நானும் மடுவத்துக்குப் பின்னால் ஒரு சவுக்கு மர நிழலில் உட்கார்ந்தோம். அம்மா கொடுத்தனுப்பிய ரொட்டியும் சம்பலும் இருந்தன. நானா நன்றாகச் சாப்பிட்டார்.

"நாலு மணிக்கும் இப்படியே ஓடட்டும் தம்பி. தொர ஒப்பம் வைக்கட்டும். பொறகு ஆறுதலாப் பாத்து மாத்துவம்."

"காலையில விழுந்திச்சு நானா. விழுந்திச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. இப்ப விழாமப் பொய் சொல்லுது. அது யாருக்கும் தெரியாது."

"உங்கட உம்மாவுக்குத் தெரிஞ்சிச்சே."

"தராசும் திரையும் பக்கத்துல பக்கத்துல இருந்ததால தெரிஞ்சிச்சு. நாளைக்குக் கணக்கப்பிள்ளை திரையைத் திருப்பி வச்சா?"

நானா ரொட்டியை மென்று கொண்டிருந்தார். "உம்மா எத்தின கிலோ?"

"பத்தொம்பது."

"பெட்டியில?"

"பதினேழு."

"மத்த ரெண்டையும் யாரு எடுத்த?"

"நாங்கதான் நானா."

அவர் கையைத் துடைத்துக் கொண்டு கழுத்துப்பட்டியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "கம்பியூட்டரத் திறங்க."

பற்றரி பாதிக்கும் கீழே இருந்தது. நாலு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. முதலில் வெயிலுக்கு ஒரு விதி எழுதினேன். மழைக் கழிவைப் போலவே அதற்கும் ஒரு வாசல், ஒரு பெயர். அதனிடம் கிலோவைக் கொடுத்தால் அதே கிலோவைத் திருப்பித் தரும். அதற்கு வேறு வேலை இல்லை. நானா அதற்கு என்ன பெயர் வைக்க என்று கேட்டார். ஆங்கில எழுத்தில் 'சும்மா' என்று அடித்தேன். அந்தப் பெயர் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. வெயிலுக்கு நேரே வெறுமையாக இருந்த இடத்தில் சும்மாவை வைத்தேன். இப்போது கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். கழிக்காதே என்பதுதான் அவர் பதில்.

"அப்ப சரி" என்றார் நானா. "கணக்கப்பிள்ள ஒண்டையுமே அமத்தாட்டியும் சும்மாவையே குடுத்திருவம். விழாது. பொம்பளைகளுக்கும் நட்டமில்ல."

எனக்கும் முதலில் அந்த ஆசை இருந்தது. அம்மா பக்கம் சாய்கிற பிழை என்றால் யாருக்குத்தான் இருக்காது. ஆனால் கொட்டுகிற மழையில் ஒரு நாள் கணக்கப்பிள்ளை அழுத்த மறந்துவிட்டால் தண்ணீரும் கொழுந்தாக விழும். தொழிற்சாலையில் அப்பாவே கண்டுபிடித்துவிடுவார், வாட்டினால் எடை தெரியும். பிறகு துரை பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புத்தகத்துக்கே திரும்பிப் போவார். மழை விதி ஒரு பக்கத்துக்குப் பொய் சொன்னது. இது மறுபக்கத்துக்குச் சொல்லும்.

"ஒன்னும் சொல்லாட்டி, ஒன்னும் நடக்கக் கூடாது நானா."

"திரும்ப விழணும் எண்டு சொல்றீங்களா?"

"விழ வேணாம். தொடங்கவே கூடாது. முதல் மூட்டை வைக்கிறதுக்கு முந்தியே கேக்கணும். தமிழ்ல கேக்கணும்."

அதை எழுதினேன். நிறுவைப் பகுதி வாசலில் நிற்கும்போதே கைக்கு வந்ததை ஒவ்வொன்றாகப் பார்க்கும். தராசு வந்ததா, பட்டியல் வந்ததா, விதி வந்ததா. ஒன்று வராவிட்டாலும் உள்ளே போகாது, எது வரவில்லை என்று சொல்லிவிட்டு நிற்கும். கூடவே இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு நிறுவைக்கும் விதியைப் புதிதாகக் கேட்க வைத்தேன், காலையில் சொன்னது மாலைக்குச் செல்லாது. நல்ல வேளை, கழிப்பதற்கு முந்திய கிலோவையும் நாங்கள் சேமித்து வைத்திருந்தோம். மத்தியான நாற்பத்து மூன்று மூட்டைகளையும் சும்மாவின் கையில் கொடுத்து மறுபடி கணக்குப் பார்த்தேன். பதினேழு பத்தொன்பதாயிற்று.

நாலு மணிக்குத் துரை வந்தார். வரிசை நின்றது. நான் முந்திக் கொண்டேன்.

"சேர், மத்தியானம் ஓடினது பிழை. வெயில்ல ரெண்டு கிலோ கழிச்சிருக்கு. நான் எழுதின பிழை. எல்லாருக்கும் திருத்திட்டேன்."

துரை நெற்றியைச் சுருக்கினார். "நல்லா ஓடிச்சுன்னுல்ல சொன்னாங்க?" கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். "நீங்க பாக்கலயா?"

"மெசினு சொன்னிச்சுங்க தொரை."

துரை கணினிப் பக்கம் திரும்பினார். தொடங்குங்கள் என்று தலையை அசைத்தார்.

கணக்கப்பிள்ளை புரோகிராமைத் திறந்தார். திறந்ததும் நேரே மூட்டைக்குக் கை காட்டினார், மத்தியானம் அப்படித்தான் செய்தார். அத்தை மூட்டையை வைத்தார். கிலோ விழவில்லை. திரையில் பெரிய எழுத்தில் இரண்டு வரி நின்றது. கணக்கப்பிள்ளைக்கு வாசிக்கும்போது வாய்விட்டு வாசிக்கிற பழக்கம்.

"இந்த நிறுவைக்குக் கழிவு என்ன என்று சொல்லப்படவில்லை. சொல்லாமல் நிறுக்க முடியாது."

வரிசையின் கடைசியிலிருந்து யாரோ, "சொல்லுங்கையா" என்றார்.

"அது மெசினு கேக்குது. நீங்க இல்ல."

"மெசினுக்குத்தான் சொல்லுங்க. நாங்க சும்மா கேட்டுக்கிட்டு நிக்கிறோம்."

கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். ஒரு துண்டு மேகம் இல்லை. துரையைப் பார்த்தார். துரையும் வானத்தைத்தான் பார்த்துக் கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை வெயிலை அழுத்தினார். 'கழிவு இல்லை. சரியா?' என்று திரை கேட்டது. அந்தக் கேள்வியை எழுதியதும் நான்தான்.

"இல்ல" என்று முணுமுணுத்தார்.

"என்னா இல்லங்கையா? இங்க வரைக்கும் கேக்கல" என்றார் அத்தை. அவர் நின்ற இடம் கணக்கப்பிள்ளைக்கு மூன்றடி தூரம்.

"கழிவு இல்ல."

"பின்னால நிக்கிற புள்ளைங்களுக்குக் காது மந்தமுங்க."

"கழிவு இல்லன்னு சொல்றேன்ல. இன்னைக்கிக் கழிவு இல்ல. போதுமா?"

வரிசை சிரித்த சிரிப்பில் துரையும் சேர்ந்துகொண்டார். கணக்கப்பிள்ளைக்கே கடைசியில் உதடு சிரிப்பில் கோணிவிட்டது. எனக்குத் தெரிந்து, எங்கள் மடுவத்தில் கழிவை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அம்மாவின் முறை வந்தது. தராசில் பதினாறு. திரையில் பதினாறு. இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பின்னால் நின்றவரிடம், "பார்த்தியா, ரெண்டும் ஒன்னு" என்று மட்டும் சொல்லிவிட்டு மூட்டையை லொறிப் பக்கம் இழுத்துக் கொண்டு போனார். போகிற நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

துரை நானாவிடம் கை கொடுத்தார். மற்ற இரண்டு பிரிவுக்கும் போடுங்கள் என்றார். "ஆனா ஒன்னு. இது ரொம்பக் கேள்வி கேக்குது."

"அது இவன்ட குணம் சேர்" என்றார் நானா.

அடுத்த வாரம் மறுபடி போனேன். அன்று காலை மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மலையை மூடிக் கொண்டு பனிமூட்டம். கொழுந்தில் ஈரம், ஆனால் சொட்டவில்லை. கணக்கப்பிள்ளை மழை என்றார். பெண்கள் வெயில் என்றார்கள். திரை தன் பாட்டுக்கு இரண்டு வரியோடு நின்றது, யார் சத்தத்துக்கும் அசையவில்லை. ஒருவர் சாக்குக்குள் கையை விட்டு எடுத்து எல்லோருக்கும் விரலைக் காட்டினார். கணக்கப்பிள்ளையும் கையை விட்டுப் பார்த்தார். ரெண்டு கிலோ ஈரம் இதில் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. ஈரமே இல்லை என்று அத்தையாலும் சொல்ல முடியவில்லை. அரைக் கிலோ என்று தொடங்கி, ஒன்றரை என்று இழுத்து, கால் மணி நேரம் போனது. கடைசியில் பனிக்கு ஒரு கிலோ, அதுவும் காலை நிறுவைக்கு மட்டும் என்று முடிவாயிற்று.

"எழுதுங்க தம்பி" என்றார் கணக்கப்பிள்ளை.

கொழுந்துச் சாக்கு ஒன்றின் மேல் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்துக் கொண்டு, பட்டியலில் மூன்றாவது விதியை எழுதினேன். நாற்பத்து மூன்று பேரும் கணக்கப்பிள்ளையும் சுற்றி நின்றார்கள்.

"எழுதிட்டீங்களா மருமகனே?"

"எழுதிட்டேன் அத்தை."

"அப்ப வாசிங்க. சத்தமா."

வாசித்தேன்.